பதின்மூன்றுக்குச் சுழி

ஞாயிறு காலைப் பூசை முடிந்து நெடுநேரமாகியும் வீட்டுக்காரர் வந்து சேரவில்லையென்றால், எங்கள் தெருப் பெண்கள் கலங்குவதில்லை. "குண்டு போடப் போயிருக்கிறார்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு அடுப்படி வேலையைக் கவனிக்கச் சென்றுவிடுவார்கள். இந்த விடையைக் கேட்டு, வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவரின் முகம் வெளுத்துப் போனதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். புதுவையில் நாங்கள் போடும் குண்டு வெடிப்பதன்று, உருள்வது. பெத்தாங்க் என்னும் பிரெஞ்சு விளையாட்டின் இரும்புக் குண்டு அது.

இந்த விளையாட்டை நான் ஒழுங்காக ஆடியவனல்லன். ஆடத் தெரியாதவனுக்கு வாய் நீளம் என்பார்கள். அதற்கு நான் நல்ல எடுத்துக்காட்டு. பத்து வயது முதல், எழுபதைக் கடந்த இன்று வரை, களத்தின் ஓரத்தில் நின்று எதிர்ச்சங்கத்தாரைக் கேலி செய்வதையே ஒரு தொண்டாக ஆற்றி வந்திருக்கிறேன். அந்தத் தொண்டில் ஒருமுறை நான் இடறி விழுந்த கதையைத்தான் இங்கே எழுத எண்ணினேன். அதற்குமுன், ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள்.

பிரான்சு நாட்டின் தென்கரையில், மத்தியதரைக் கடலோரமாக, லா சியோத்தா என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. அந்தப் பகுதியில் முன்பு ஆடப்பட்ட குண்டாட்டத்தில் சில அடிகள் ஓடிவந்து எறிய வேண்டும். ழூல் லெனுவார் என்ற நல்ல ஆட்டக்காரர் ஒருவரை மூட்டுவாதம் பிடித்துக்கொண்டது. ஓட இயலாமல் அவர் ஓரத்தில் ஏங்கியிருப்பதைக் காணப் பொறாத நண்பர் ஒருவர், தரையில் ஒரு வட்டத்தைக் கீறி, அதற்குள் நின்றபடியே எறியும் ஒரு முறையை வகுத்தார். இது நிகழ்ந்தது 1907-இல். பாதங்களை ஊன்றி நிற்பது என்று பொருள்படும் அவ்வட்டாரப் பேச்சு வழக்கே பெத்தாங்க் என்று பெயராயிற்று. இயலாத நண்பனை ஆட்டத்திலிருந்து தள்ளிவிடக் கூடாது என்பதற்காகவே பிறந்த விளையாட்டு இது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே 1907-இல்தான், இன்று பசிலிக்காவாக உயர்ந்து நிற்கும் எங்கள் இருதய ஆண்டவர் கோவிலும் புதுவையில் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் கோவில் மணி ஓய்ந்தவுடன் குண்டு மோதும் ஓசை எழுவதை அறுபது ஆண்டுகளாகக் கேட்டு வரும் எனக்கு, இரண்டும் உடன்பிறந்தவை போலவே தோன்றுகின்றன.

ஆட்டம் எளிது. முதலில் ஒரு சிறு மரக்குண்டை ஆறு முதல் பத்து மீட்டர் தூரத்துக்குள் எறிவார்கள். அதன் குறுக்களவு மூன்று சென்டிமீட்டர்தான். கொஷோனே என்பது அதன் பெயர். பிரெஞ்சில் பன்றிக்குட்டி என்று பொருள். பின்னர் இரு கட்சியாரும் தத்தம் இரும்புக் குண்டுகளை அந்தப் பன்றிக்குட்டிக்கு அருகில் சேர்க்க முயல்வார்கள். ஒவ்வொரு குண்டும் 650 முதல் 800 கிராம் வரை எடையுள்ளது. எதிரியின் மிக நெருங்கிய குண்டைக் காட்டிலும் நெருங்கி நிற்கும் குண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. முதலில் பதின்மூன்று புள்ளி எடுத்தவர் வென்றவர்.

ஆடுபவர்கள் இரு வகையினர். ஒருவர் குண்டை மெல்ல உருட்டிப் பன்றிக்குட்டியின் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பவர், பிரெஞ்சில் புவாந்தேர். மற்றவர், எதிரி வைத்த குண்டை மேலிருந்து தாக்கித் தூர எறிபவர், திரேர். வைப்பவருக்குப் பொறுமை வேண்டும். அடிப்பவருக்குத் துணிவு வேண்டும். அடித்த குண்டு, அடிபட்ட குண்டின் இடத்திலேயே அசையாமல் அமர்ந்துவிட்டால் அதற்குக் கர்ரோ என்று பெயர். அதைக் காண்பதற்காகவே மதிய உணவை மறந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு புள்ளியும் எடுக்காமல், பதின்மூன்றுக்குச் சுழி என்று தோற்பவனுக்குப் பிரான்சில் ஒரு தண்டனை உண்டு. ஃபானி என்ற பெண்ணின் உருவத்துக்கு அவன் முழந்தாளிட்டு முத்தமிட வேண்டும். எந்த இடத்தில் என்று கேட்காதீர்கள். இது குடும்பங்கள் படிக்கும் இதழ். எங்கள் களத்துப் பெரியவர்கள் அந்த வழக்கத்தைத் திருத்தி, சுழி வாங்கியவன் களத்திலுள்ள அனைவருக்கும் எலுமிச்சைச் சோடா வாங்கித் தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். மானம் போவது இரண்டிலும் ஒன்றுதான்.

இனி, என் வைரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கங்களின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவற்றின் பழைய உறுப்பினர் சிலர் இன்னும் நலமாக இருக்கிறார்கள், குறி தவறாதவர்கள். ஆகவே புதுவை நகரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலை எல்லையாகக் கொண்டு, கிழக்குச் சங்கம், மேற்குச் சங்கம் என்றே குறிப்பிடுகிறேன்.

கிழக்குச் சங்கத்தில் பெரும்பாலோர் சொல்தாக்கள்; அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர்கள். அவர்களுடைய குண்டுகள் தோலுறையில் உறங்கும். எறிவதற்குமுன் அவற்றைத் துவாலையால் துடைக்கும் பக்குவத்தைப் பார்த்தால், பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்களோ என்று தோன்றும். வெல்லும்போது தமிழிலும், தோற்கும்போது பிரெஞ்சிலும் பேசுவது அவர்கள் வழக்கம். அவர்களில் ஒருவருக்கு நான் இட்ட பெயர் அளவுநாடா. இரண்டு குண்டுகளுக்கிடையே ஒரு சாண் வித்தியாசம் இருந்தாலும் நாடாவை எடுத்துக்கொண்டு மண்டியிட்டுவிடுவார். அவர் கோவிலில் கூட அத்தனை நேரம் முழந்தாளில் இருந்ததில்லை. இன்னொருவர் பிரசங்கியார். எறிவதற்குமுன், குண்டு எவ்வாறு செல்லப் போகிறது என்று விளக்குவார். எறிந்தபின், ஏன் அவ்வாறு செல்லவில்லை என்று விளக்குவார். ஒருமுறை எறிய ஒரு நிமிடமே விதி அளிக்கும் காலம். அவருடைய முன்னுரைக்கே அது போதாது. மூன்றாமவர் ஜெனரல். படையில் அவர் கப்ராலுக்கு மேல் உயரவில்லை. களத்தில் மட்டும் அவருக்குக் கீழ்ப்படியாதது குண்டு ஒன்றுதான்.

என் மேற்குச் சங்கத்தை நான் விட்டுவைத்ததாக யாரும் எண்ண வேண்டாம். எங்களவர்கள் பெரும்பாலும் மில் தொழிலாளர்கள். ஒன்பது பேருக்கு மூன்று செட்டுக் குண்டுகள். அவற்றில் சில உருண்டைதானா என்பதே விவாதத்துக்குரியது. தோல்விக்குக் காரணம் சொல்வதில் எங்களை வெல்ல ஆளில்லை. மில் சங்கு ஊதியதால் கை அசைந்தது என்பார் ஒருவர். வேப்பமர நிழல் கண்ணை மறைத்தது என்பார் மற்றொருவர். மில் விடுமுறை நாளில், மேகமூட்டமான காலையில் தோற்றபோதும் இதே காரணங்கள்தாம் வந்தன.

இந்த மேற்குச் சங்கத்தின் தலைசிறந்த வைப்பவர் என் தந்தையார். கிழக்குச் சங்கத்தின் தலைசிறந்த அடிப்பவர் என் பெரியப்பா. ஒரே தாயின் வயிற்றில் நான்காண்டு இடைவெளியில் பிறந்தவர்கள். ஒரே அணியில் நின்றிருந்தால் அவர்களை வெல்ல யாருமில்லை. எதிரெதிரே நின்றதால், தம்பி வைப்பதும் அண்ணன் அடிப்பதுமாக இருபது ஆண்டுகள் கழிந்தன.

அவர்கள் எதிரெதிரே நின்ற காரணம் ஆட்டமன்று, நாட்டு வரலாறு. 1954 நவம்பர் 1-ஆம் நாள் புதுவையின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆயினும் சட்டப்படியான கையளிப்பு நிறைவேறியது 1962 ஆகஸ்டு 16-இல்தான். இந்த மண்ணில் பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்போர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது உடன்படிக்கை. சில ஆயிரம் பேர் அவ்வாறு தெரிவித்தார்கள். இந்தோசீனாவில் போரிட்டுத் திரும்பிய பெரியப்பா கையெழுத்திட்டது யாருக்கும் வியப்பளிக்கவில்லை. ஆனால் அவர் தம்பிக்கும் ஒரு தாளைக் கொண்டுவந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. கூடத்து விளக்கின் கீழ் அந்தத் தாள் கிடந்ததும், அதன்மேல் யாரும் கை வைக்காததும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. "உனக்காகச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நாளைக்கு அவர்கள் பிரான்சுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வார்கள்" என்றார் பெரியப்பா. அவர் அன்போடுதான் சொன்னார். அப்பாவின் செவியில் அது வேறு விதமாக விழுந்தது. "என் பிள்ளைகளுக்குச் சோறு போட எனக்குத் தெரியும், அண்ணே" என்றார். அதன்பின் சொற்கள் வளர்ந்தன. அவற்றை நான் எழுத விரும்பவில்லை. 1963 பிப்ரவரியில் கெடு முடிந்தது. அடுத்த மாதம் எங்கள் பூர்வீக வீட்டின் நடுமுற்றத்தில் ஒரு சுவர் எழுந்தது. தோள் உயரச் சுவர்தான். ஆனால் அதற்கு மேலாக ஒரு சொல்லும் கடந்து வரவில்லை. கோவிலில் அண்ணன் இடப்புறமும் தம்பி வலப்புறமும் அமர்ந்தார்கள். நற்கருணை வாங்கத் திரும்புகையில் ஒருவரையொருவர் காணாதபடி தலை குனிந்தார்கள்.

ஆட்டக்களத்தில் மட்டும் அந்த மௌனம் நிலைக்கவில்லை. நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள், காற்றோடு பேசுவார்கள். அப்பா தம் குண்டைப் பன்றிக்குட்டியின் காதோரம் கொண்டுபோய் வைத்துவிட்டு, "கண்ணாடி மாற்ற வேண்டியவர்கள் மாற்றிக்கொண்டு வரலாம்" என்பார், வேப்பமரத்தைப் பார்த்து. பெரியப்பா வட்டத்துக்குள் நின்று, ஓங்கி, ஒரே அடியில் அதைத் தூர எறிந்துவிட்டு, "கோலம் போட்டால் போதுமா? மாடு மிதிக்காமல் காவல் இருக்க வேண்டாமா?" என்பார், கோவில் கோபுரத்தைப் பார்த்து. களமே சிரிக்கும். நான் எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பேன்.

ஒருநாள் அப்பா இருமிக்கொண்டே ஆடினார். நூற்றூசி அவருடைய நெஞ்சில் இறங்கியிருந்த காலம். "இருமலோடு வருபவர்களுக்கு மருந்துக் கடை எந்தப் பக்கம் என்று யாராவது காட்டுங்களேன்" என்றார் பெரியப்பா. கூட்டம் நகைத்தது. மறுநாள் விடியற்காலையில் முற்றத்துச் சுவரின்மேல் ஒரு மருந்துப் புட்டி இருந்தது. வேறொருநாள், "வீங்கிய காலை வட்டத்துக்குள் வைத்தால் கோட்டை மிதிக்கத்தான் செய்யும்" என்றார் அப்பா. அன்று மாலை அம்மா பார்லிக் கஞ்சி காய்ச்சி அதே சுவரின்மேல் வைத்தார்கள். புட்டியும் கிண்ணமும் மறுநாள் கழுவித் திரும்பி வந்தன. அண்ணன் தம்பியின் உடல்நலச் செய்தி இவ்வாறு ஞாயிறுதோறும் கேலி வடிவில் பரிமாறப்பட்டதை நான் வெகு காலம் கழித்தே உணர்ந்தேன். அப்போது எனக்குக் கேலி மட்டுமே கேட்டது.

அந்நாளில் பங்குச் சுவாமியார் ஒருவர் என்னை அழைத்து, "பிறரை ஏளனம் செய்வது தகுமா?" என்று கேட்டார். விடை கூறத் தெரியாமல் விழித்தேன். இன்றாயின் அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்தாட்டத்தை அவருக்குச் சான்றாகக் காட்டியிருப்பேன். அங்கே கல்லூரிகள் கூட்டணி கூட்டணியாகப் பிரிந்து ஆடும். ஒரே கூட்டணியைச் சேர்ந்த கல்லூரிகளுக்குள்தான் பகை மிகுதி, ஆண்டுதோறும் சந்திப்பவர்களாயிற்றே! 1985-இல் தேசிய இறுதி ஆட்டத்தில் மோதிய இரண்டுமே கத்தோலிக்கக் கல்லூரிகள். இரண்டும் ஒரே கூட்டணியைச் சேர்ந்தவை. ஒன்று சேசு சபையாரின் ஜார்ஜ்டவுன். முந்தின ஆண்டின் வாகை சூடியது. மற்றது அகுஸ்தீன் சபையாரின் வில்லனோவா, யாரும் பொருட்படுத்தாதது. வில்லனோவா 66-க்கு 64 என்று வென்றது. அந்தக் கல்லூரியில் 1977-இல் கணிதப் பட்டம் பெற்ற ஒருவர்தாம் 2025 மே மாதத்தில் பதினான்காம் லியோ என்னும் பெயரோடு திருத்தந்தையானவர். அன்று ஜார்ஜ்டவுன் ரசிகர்கள், "இனி இவர்களுடைய பெருமையைத் தாங்க முடியாதே" என்று பெருமூச்செறிந்திருப்பார்கள் என்றே எண்ணுகிறேன். உள்ளத்தில் பொருட்படுத்தாத ஒருவனை நாம் கேலி செய்வதில்லை. அவனைக் கவனிப்பதே இல்லை. எதிரியின் முழங்கை எந்த இடத்தில் மடியும், மூச்சு எந்த இடத்தில் நிற்கும் என்பதெல்லாம் அவன் ரசிகனைவிட எதிர்க்கட்சி ரசிகனுக்கே நன்றாகத் தெரியும்.

ஆனால் இந்தத் தத்துவத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதை நான் மிதித்த நாள் 1984 ஜூலை 15.

அதற்கு முந்தின நாள் பிரெஞ்சுத் தேசிய விழா. கடற்கரைச் சாலையிலுள்ள போர் நினைவுச்சின்னத்தருகே பதக்கங்கள் அணிந்து நின்ற சொல்தாக்கள், ஞாயிறன்று பதக்கங்களைக் கழற்றிவிட்டுக் குண்டுகளோடு வந்தார்கள். ஒற்றையர் போட்டி, ஆளுக்கு மூன்று குண்டுகள். இறுதியில் எஞ்சியவர்கள் என் தந்தையாரும் பெரியப்பாவும். தம்பிக்கு அறுபது வயது. அண்ணனுக்கு அறுபத்து நான்கு.

தொடக்கத்திலிருந்தே அப்பாவின் கை நடுங்கியது. எந்தக் குண்டும் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. நின்ற ஒன்றிரண்டையும் பெரியப்பா துடைத்தெறிந்தார். நான்குக்குச் சுழி, ஒன்பதுக்குச் சுழி, பன்னிரண்டுக்குச் சுழி. மேற்குச் சங்கத்தார் வேப்பமர நிழலைக்கூடக் குறை சொல்ல வாய் திறக்கவில்லை. பதின்மூன்றாம் சுற்றோ பதினான்காம் சுற்றோ, அப்பா தம் கடைசிக் குண்டை எடுத்தார். நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு உருட்டினார். அது மண்ணில் ஊர்ந்து ஊர்ந்து சென்று, பன்றிக்குட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றது. அன்று காலை முழுவதும் அவர் வைத்த ஒரே நல்ல குண்டு.

பெரியப்பாவின் கையில் ஒரு குண்டு மிச்சமிருந்தது. அவர் தவறவிட்டால் அப்பாவுக்கு ஒரு புள்ளி, சுழி நீங்கும், மானம் தப்பும். அடித்துவிட்டால் அடுத்த நெருக்கத்தில் நின்ற பெரியப்பாவின் பழைய குண்டே போதும், பதின்மூன்றுக்குச் சுழி. தவறவிடுவார் என்றே அனைவரும் எதிர்பார்த்தோம். பன்னிரண்டு புள்ளி கையிலிருக்கும் அண்ணன், கை நடுங்கும் தம்பிக்கு ஒரு புள்ளியை விட்டுக்கொடுக்க மாட்டாரா?

பெரியப்பா வட்டத்துக்குள் நின்றார். வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றார். பின்பு கையை ஓங்கினார். இரும்போடு இரும்பு மோதிய ஓசை எழுந்தது. அப்பாவின் குண்டு வேலியோரத்துக்குப் பறந்தது. அது இருந்த இடத்தில் பெரியப்பாவின் குண்டு அசையாமல் அமர்ந்திருந்தது. கர்ரோ.

ஒருவரும் கை தட்டவில்லை. என் வாய்தான் திறந்தது. "பென்சியோன் தின்று கொழுத்த கை ஐயா! தம்பி என்றும் பாராது, தம்பி வீட்டுப் பட்டினி என்றும் பாராது!"

சொல்லி முடிக்குமுன்பே, சொல்லியிருக்கக் கூடாது என்பது தெரிந்துவிட்டது. பெரியப்பா என் பக்கம் திரும்பவில்லை. குனிந்து தம் குண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். அவருடைய கழுத்து மட்டும் சிவந்திருந்தது. அப்பா வேலியோரம் சென்று தம் குண்டை எடுத்துக்கொண்டு, நேரே என்னிடம் வந்தார். நான் முப்பது வயதைக் கடந்தவன். அரசு அலுவலகத்தில் எழுத்தர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை.

"நம் வீட்டில் என்றைக்கு யார் பட்டினி கிடந்தார்கள்?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்கவில்லை.

"அவர் வேண்டுமென்றே தவறவிட்டிருந்தால், அது பிச்சை. இருபத்தொரு ஆண்டாக அவரிடம் நான் வாங்காதது அது ஒன்றுதான். அது தெரிந்துதான் அடித்தார். என்னை ஆளாக மதித்து அடித்தார். நீதான் இன்று என்னைத் தோற்கடித்தாய்."

பின்பு அவர் சோடாக் கடைப் பக்கம் நடந்தார். சுழி வாங்கியவர் செய்ய வேண்டிய கடமை அது. களத்திலிருந்த அனைவருக்கும் வாங்கினார். அளவுநாடாவுக்கும், பிரசங்கியாருக்கும், ஜெனரலுக்கும்கூட. முதற்குவளையைத் தாமே எடுத்துச் சென்று பெரியப்பாவின் முன் நீட்டினார். இம்முறை வேப்பமரத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணே, குடியுங்கள்."

பெரியப்பா குவளையை வாங்கிக்கொண்டார். பாதியைக் குடித்துவிட்டு, மீதியைத் தம்பியிடம் கொடுத்தார். "கடைசிக் குண்டு நன்றாக வைத்தாய், தம்பி" என்றார். "இன்னும் ஒரு விரற்கடை இடப்பக்கம் வைத்திருந்தால் என்னால் தொட்டிருக்க முடியாது." உடனே இருவரும் அந்த விரற்கடையைப் பற்றி வாதிடத் தொடங்கிவிட்டார்கள். அளவுநாடா வேறு குறுக்கே புகுந்தார். நான் பெரியப்பாவின் காலடியில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய சொற்கள் தொண்டையில் சிக்கின. அவர் என் தலையில் ஒரு குட்டுக் குட்டி, "குண்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வா" என்றார். இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு, முன்னே பேசிச் சென்ற இரண்டு கிழவர்களுக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தேன். இரும்பின் எடை எவ்வளவு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் ஒரு கொத்தனார் வந்தார். சுவரை முழுவதும் இடிக்க இருவருக்கும் மனம் வரவில்லை. பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. நடுவில் ஓர் ஆள் நுழையுமளவுக்கு உடைத்து வழி விட்டார்கள். அதற்குக் கதவு போடவில்லை.

ஆனாலும் களத்தில் அவர்கள் கட்சி மாறவில்லை. மேற்கு மேற்காகவும் கிழக்கு கிழக்காகவுமே இருந்தன. கேலியும் குறையவில்லை, ஒருவர் முகத்தைப் பார்த்து மற்றவர் பேசினார் என்பது ஒன்றே வேறுபாடு. நானும் கேலியை விட்டுவிடவில்லை. ஆனால் எனக்கென்று ஒரு வட்டத்தைக் கீறிக்கொண்டேன். ஒருவன் எறியும் விதத்தைக் கேலி செய்யலாம். அவன் உண்ணும் சோற்றைக் கேலி செய்யலாகாது. அவன் தோல்வியைப் பார்த்துச் சிரிக்கலாம். அவன் வீட்டைப் பார்த்துச் சிரிக்கலாகாது. கால் கோட்டைத் தாண்டினால் ஆட்டத்தில் எறிந்தது செல்லாது. வாய் கோட்டைத் தாண்டினால் சொன்னது செல்லாமல் போவதில்லை என்பதுதான் தொல்லை.

1991-இல் பெரியப்பா இறந்தார். அதற்குப்பின் அப்பா களத்துக்கு வந்தார். ஆனால் வட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. மேற்குச் சங்கத்தார் வற்புறுத்தியபோது, "அடித்தெறிய ஆளில்லாத இடத்தில் வைத்து என்ன பயன்?" என்று சொல்லிவிட்டார். பெரியப்பாவின் மூன்று குண்டுகளையும் பெரியம்மா அவரிடமே கொடுத்திருந்தார். துருப் பிடிக்காமலிருக்க மாதமொருமுறை தம்முடைய மூன்றோடு அவற்றுக்கும் தேங்காயெண்ணெய் தடவுவார். 1996-இல் அவரும் போனபின் அந்த ஆறு குண்டுகளும் என்னிடம் வந்தன.

இன்று எங்கள் களம் மாறிவிட்டது. பெண்களும் ஆடுகிறார்கள், பிரெஞ்சு அறியாத இளைஞர்களும் ஆடுகிறார்கள். 1999-இல் மடகாஸ்கர் உலக வாகையர் பட்டத்தை வென்றபோது, பிரான்சிடமிருந்து ஆட்டத்தைக் கற்றவர்கள் பிரான்சை முந்திவிட்டார்கள் என்று கிழக்குச் சங்கத்தாரை நான் ஒரு மாதம் தூங்கவிடவில்லை.

டிசம்பரில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பெரியப்பாவின் பேரன் பாரிசிலிருந்து வருவான். தமிழை எண்ணி எண்ணிப் பேசுவான். சென்ற முறை வந்தபோது ஆறு குண்டுகளையும் எடுத்துக்கொண்டு இருவரும் களத்துக்குப் போனோம். அவன் தாத்தாவின் குண்டுகளை நானும், என் அப்பாவின் குண்டுகளை அவனுமாக எடுத்துக்கொண்டோம். நான் எறிந்த முதற்குண்டு வேலியைத் தாண்டி வாய்க்கால் பக்கம் போயிற்று. அவன் வேப்பமரத்தைப் பார்த்து, "சிலபேர் வாயால் மட்டும் ஆடுவார்கள் என்று தாத்தா சொன்னாராம்" என்றான்.

பதின்மூன்றுக்கு ஏழு என்று தோற்றேன். சுழியில்லை. ஆகையால் சோடா வாங்க வேண்டிய கடமை எனக்கில்லை. ஆயினும் வாங்கினேன்.